ம் கொட்டாதவர்

தெருமுனைச் சங்கக் கட்டிடத்தின் கரும்பலகையில் எழுதியிருந்த பெயரின் கடைசி எழுத்தை வேன்காரி துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். சுண்ணக்கட்டியை நனைத்து எழுதியிருப்பார்கள் போல, லேசில் போகவில்லை. நுனியை எச்சிலில் தொட்டு மறுபடியும் தேய்த்தாள். முதலில் புள்ளி போனது. பிறகு எழுத்து கரைந்து வெள்ளைத் திட்டாகப் பரவியது. எதிர்ச் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஏம்மா! என்ன பண்றே?" சங்கத்துச் செயலாளர் செருப்பைக்கூட மாட்டாமல் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"எழுத்துப்பிழை. திருத்துறேன்."

"பிழையா? உங்க பெரியத்தா போன்ல சொன்னதை அப்படியே எழுதினேம்மா. 'ஆஸிம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இன்று காலமானார், மதியத்துக்கு மேல் அடக்கம்.' நானா ஒரு வார்த்தை சேர்க்கலை."

"எங்கத்தா பேரு ஆஸி. உங்களுக்குத் தெரியாதா?"

செயலாளர் பிடரியைச் சொறிந்தார். "தெரியாம என்ன. அந்தப் பேருக்கு அர்த்தம் நல்லா இல்லைன்னு பெரியவர் சொல்றாரு. கடைசி நேரத்துலயாவது நல்ல பேரோட போகட்டுமேன்னு..."

"நல்ல பேரோடதான் போறாரு." அவள் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தட்டினாள். "மைக்குல என்ன சொன்னீங்க?"

"அதுவும் இப்படித்தாம்மா. ரெண்டு தடவை சொன்னேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து வீட்டு வாசலில் அத்தாவின் அண்ணனான பெரியத்தாவின் துணிக்கடை ஆட்கள் நிற்கிறார்கள். தம்பியின் ஆபீஸ்காரர்கள் வந்து போய்விட்டார்கள். தம்பி பெண்டாட்டி வீட்டுச் சனம் நாற்காலிகளை நிறைத்துவிட்டது. துறைமுகத்து ஆள் ஒருவரைக்கூடக் காணோம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் கொக்கி மாமாவைக் காணோம். அத்தாவுக்குக் காய்ச்சல் என்றாலே விழுந்தடித்துக்கொண்டு வருகிற மனிதர். ஆஸிம் என்று யாரோ இறந்துபோனதற்கு அவர் ஏன் வரப்போகிறார்?

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுவதால் தெருவுக்கு அவள் வேன்காரி. அவளுடைய அத்தாவின் பெயர்தான் ஊரில் வேறு யாருக்கும் இல்லாத பெயர். ஆஸிம் என்ற பெயரில் தடுக்கி விழுந்தால் ஒருவர் இருந்தார். மருந்துக்கடையில் ஒருவர், கோர்ட்டில் ஒருவர், மீன் மார்க்கெட்டில் இரண்டு பேர். ஆஸி ஒருவர்தான்.

பெயர் வைத்தவர் அவருடைய அத்தா. கப்பலில் சமையற்காரராக இருந்தவர். கூட வேலை பார்த்த அரபுக்காரன் ஒருவன் தன் ஊர் ஆற்றைப் பற்றி ஓயாமல் பேசுவானாம். அந்தப் பக்கத்து ஆறுகளெல்லாம் ஒரு திசையில் ஓட, அது மட்டும் நேர் எதிர்த்திசையில் ஓடுமாம். அதனால் அதற்கு ஆஸி என்றே பெயர் வந்துவிட்டதாம். ஆஸி என்றால் அடங்காதவன், சொன்ன பேச்சைக் கேட்காதவன். மூத்த மகனுக்கு வீட்டுப் பெரியவர்கள் வைத்த பெயரை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்ட கப்பல்காரர், இரண்டாவது மகன் பிறந்த சேதி கேட்டுக் கரையிறங்கியதும் நேராக வீட்டுக்கு வந்தார். பிள்ளையைத் தூக்கினார். ஆற்றின் பெயரைக் காதில் சொன்னார். மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

பள்ளிவாசலில் குர்ஆன் ஓதிக்கொடுத்த பெரியவர் கடைசிவரை அந்தப் பெயரோடு மல்லுக்கட்டினார். "கீழ்ப்படியாதவன்னு ஒரு பிள்ளைக்குப் பேரா? ஒரே ஒரு எழுத்துடா. ஆஸிம்னு வச்சுக்கோ. காப்பாத்துறவன்னு அர்த்தம். என்ன குறைஞ்சுபோயிடும்?" பையன் ஒன்றும் பேச மாட்டானாம். ஆஸிம் என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டான். அடி வாங்கிப் பார்த்தான், பட்டினி கிடந்து பார்த்தான், திரும்பவில்லை.

துறைமுகத்தில் அந்தத் தொந்தரவே இல்லை. அங்கே யாருக்கும் அரபு தெரியாது. ஆஸியை ஆசி என்று எழுதினார்கள், ஆசி என்றே கூப்பிட்டார்கள், ஆசீர்வாதம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். புதிதாக எந்த இயந்திரம் வந்து இறங்கினாலும், "ஆசி கையால முதல்ல ஓட்டட்டும், ராசியா இருக்கும்" என்று அவரைத் தேடி ஆள் வரும். அவரும் மறுக்காமல் போய் ஏறுவார். பல வருடம் கழித்து உண்மை தெரிந்தபோது கொக்கி மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! ஆசீர்வாதம் ஆசீர்வாதம்னு சொல்லி எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் உன்னை முன்னால உக்கார வச்சேனேடா!"

"அதனால என்ன இப்போ? நல்லாத்தானே நடந்துது" என்றாராம் அத்தா.

அடங்காதவர்தான். ஆனால் சண்டைக்காரர் இல்லை. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பேய்க்காற்று அடித்த ஒரு நாள், கப்பலின் சரக்குக் கிடங்கின் அடியில் ஆட்கள் நிற்கும்போதே பெட்டியைத் தூக்கச் சொன்னான் புதிதாக வந்த அதிகாரி. அத்தா கிரேனை நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியில் நிதானமாக இறங்கி வந்தார். "மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மழைக்காலம் முழுக்க அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். துறைமுகத்து முற்றத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். அம்மா அழுதால், "கீழ இருந்து பாத்தாத்தான் கிரேன் எவ்வளவு உயரம்னு தெரியுது" என்பார்.

அவள் வேனைக் கொண்டுபோய் நிறுத்தியபோது கொக்கி மாமா தன் வீட்டுத் திண்டில் உட்கார்ந்து வெந்நீர் வாளியில் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தார். அத்தா மேலே கிரேனில் இருக்க, கீழே நின்று கொக்கியை மாட்டி, கையசைத்துச் சைகை கொடுத்தவர் அவர். வேலை போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

"வாம்மா, வா. என்ன இந்நேரம் வண்டியோட? ஸ்கூல் லீவா?" என்றவர் அவள் பதிலுக்குக் காத்திராமல் பேசிக்கொண்டே போனார். "காலைல மைக்குல கேட்டியா? யாரோ ஆஸிமாம். கிரேன் ஓட்டினவராம். நம்ம இடத்துல அப்படி யாரும் இல்லையேன்னு நானும் மண்டையைப் பிச்சுக்கிறேன். எனக்கு முந்தின ஆளா இருப்பானோ என்னவோ. உங்கத்தாவைக் கேட்டாத்தான் தெரியும். சாயங்காலம் வரேன்னு சொல்லு."

"மாமா" என்றாள் அவள். அதற்கு மேல் வரவில்லை. காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் சொன்ன சேதிதான்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். துப்பட்டாவில் அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்தார். வாளியில் தண்ணீர் அசைவது நின்றது.

"எப்போ?"

"விடியறப்போ."

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்ல மாமா."

அவர் ஒரு காலை எடுத்துத் துடைத்தார். இன்னொரு காலைத் துடைக்க மறந்து ஈரத்தோடு எழுந்து நின்றார். சட்டையைத் தேடினார். சட்டை அவர் தோளிலேயே கிடந்தது.

"அப்ப மைக்குல சொன்னது? எவன்டா அவனுக்கு ம் போட்டது?"

"பெரியத்தா."

"உயிரோட இருந்தப்ப ஒருத்தனுக்கும் ம் கொட்டாத மனுஷன். மூச்சு நின்ன மறுநிமிஷமே பேர்லயே ம் கொட்ட வச்சுட்டாங்களா?" அவர் பொத்தானை ஏறுமாறாகப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார். "வண்டியை எடு. எல்லாப் பயலையும் அள்ளிட்டுப் போவோம். எவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

அப்படியேதான் நடந்தது. கயிறுக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பழைய காவலாளி பேரனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் படுத்திருந்தார். ஒவ்வொரு வாசலிலும் கொக்கி மாமா இறங்கி, "டேய், அது நம்ம ஆசிடா" என்று மட்டும் சொன்னார். மறுபேச்சில்லாமல் ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கைகளில் முழங்கால் மோவாயில் இடிக்க, தலை கூரையில் முட்ட, குறுகி உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் அவள் அவர்களைப் பார்த்தாள். ஃபிட்டர், முன் இருக்கையின் முதுகில் யாரோ பிள்ளை ஒட்டியிருந்த வாத்துப் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

வீட்டுக் கூடத்தில் அத்தா மேற்கே பார்த்த சன்னலுக்குக் கீழே கட்டிலில் கிடந்தார். வெள்ளைத் துணி மார்புவரை போர்த்தியிருந்தது. மேல்சட்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. கூச்சப்படுகிற மனிதர்.

நேற்றுச் சாயங்காலம் தம்பி கஞ்சியைக் கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனான். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். "ரெண்டு வாய் அத்தா, சொன்னாக் கேளுங்க" என்று கெஞ்சினான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் சலித்து எழுந்துபோனதும் அவள் கிண்ணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். இரண்டு கையும் உதறின. பாதி மார்பில் கொட்டியது. மீதியைக் குடித்து முடித்துவிட்டு, பந்தயத்தில் ஜெயித்தவர்போல் அவளைப் பார்த்தார். விடிகிற நேரத்தில் அவர் மணிக்கட்டு அவள் கைக்குள் இருந்தது. நாடி எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எங்க போனே நீ?" பெரியத்தா வாசற்படியில் மறித்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. சவரம் செய்த முகம். ஆனால் கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. "வீட்டுல மௌத்தாக் கிடக்கிறான், நீ வண்டியை எடுத்துட்டு ஊர் சுத்திட்டு வரே. பலகைல கை வச்சியாமே? செயலாளர் போன் பண்ணினாரு."

"ஆமா பெரியத்தா."

"எதுக்கு?"

"அது அவரு பேரு இல்ல."

பின்னால் தம்பி வந்து நின்றான். "அக்கா, இப்ப இது தேவையா? எல்லாரும் பாக்கிறாங்க." அவன் கண் மாமனார் வீட்டுச் சனம் பக்கம் ஓடியது. கல்யாணப் பேச்சின்போதே மாப்பிள்ளையின் அத்தா பெயருக்கு அர்த்தம் கேட்டவர்கள் அவர்கள். அன்றிலிருந்தே அவன் வெளியில் ஆஸிம் மகன் என்றுதான் சொல்லி வருகிறான். அவளுக்கு அது தெரியும். அத்தாவுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஆஸிம்னா காப்பாத்துறவன்" என்றார் பெரியத்தா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "என்ன தப்பு அதுல? அவன் உங்களையெல்லாம் காப்பாத்தலையா? உன்னைக் காப்பாத்தலையா?"

"காப்பாத்தினாரு." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "அடிபட்டு நான் இந்த வாசல்ல வந்து நின்னப்ப, நீங்கதான் சொன்னீங்க, இவளை இப்பவே கொண்டுபோய்ப் புருஷன் வீட்டுல விட்டுட்டு வான்னு. மூத்தவரு சொல்றீங்க, குடும்பமே தலையாட்டுச்சு. இவரு ஒருத்தர்தான் மாட்டேன்னாரு. கிளட்சு பிரேக்கெல்லாம் அவரேதான் சொல்லிக் குடுத்தாரு. பொம்பளை வேன் ஓட்டுறதான்னு கேட்டீங்க, அப்பவும் மாட்டேன்னாரு. என்னைக் காப்பாத்தினது ஆஸிம் இல்ல பெரியத்தா. ஆஸிதான்."



பெரியத்தா கோபப்படுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கட்டிலைப் பார்த்தார். பேசியபோது குரல் யாருடையதோபோல இருந்தது.

"உனக்குப் புரியாது. அவன் எனக்குப் பின்னால பொறந்தவன். நாளைக்கு மறுமையில, அங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களே, அப்போ கீழ்ப்படியாதவனேன்னு கூப்பிட்டா அவன் கதி என்ன? எனக்குப் பயமா இருக்கும்மா."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. சட்டென்று அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பிடிக்கவில்லை.

"அங்கயும் அந்தப் பேருக்குத்தான் பெரியத்தா அவரு எழுந்திருப்பாரு. ஆஸிம்னு கூப்பிட்டா, யாரையோ கூப்பிடறாங்கன்னு படுத்தே கிடப்பாரு."

எங்கேயோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

தொழுகை நடத்த வந்திருந்த இமாம் இதையெல்லாம் வாசல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயசுக்காரர், ஊருக்குப் புதிது. "பெரியவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றார் மெதுவாக. "நல்ல அர்த்தமா பேர் வைக்கிறதுதான் நல்லது. ஆனா இது வைக்கிற நேரம் இல்லையே. அவரு எந்தப் பேருக்குத் திரும்பிப் பாப்பாரோ, அதுதான் என் வாய்ல வரணும். வீட்டம்மா சொல்லட்டும். எதுன்னாலும் சரி."

எல்லாரும் உள்ளறை வாசலைப் பார்த்தார்கள். அம்மா நிலையைப் பிடித்தபடி நின்றாள். பெரியத்தா இருக்கிற அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவர் வந்தால் எழுவாள், அவர் சொன்னால் தலையாட்டுவாள், அவர் போன பிறகுதான் சாப்பிடுவாள். இப்போது அவள் பெரியத்தாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. பிறகு முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

வேன்காரிக்கு அம்மாவை இழுத்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது.

அந்த நேரத்தில் கொக்கி மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பொத்தான்கள் ஏறுமாறாக இருந்த சட்டை. ஒரு காலில் மட்டும் செருப்பு. கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். அங்கிருந்து, துறைமுகத்து இரைச்சலுக்குப் பழகின தொண்டையால், கூரை அதிர ஒரு சத்தம் போட்டார்.

"ஆசீ!"

உள்ளறையில் குழந்தை ஒன்று வீரிட்டது. சன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த புறா படபடத்துப் பறந்தது. கூட்டம் மொத்தமும் கட்டிலைப் பார்த்தது. என்னதான் நினைத்தார்களோ, ஒரு நொடி எல்லாரும் அந்தத் தலை திரும்புமென்றே காத்திருந்தார்கள். பெரியத்தாகூட.

கொக்கி மாமாவும் காத்திருந்தார்.

"எத்தனை வருஷம்" என்றார் பிறகு, சாதாரணக் குரலில். "காத்து, மழை, கப்பல் ஊதுற சத்தம், எது இருந்தாலும் சரி. நான் கீழ நின்னு ஒரு தடவை கத்தினாப் போதும். மேல இருந்து தலையை நீட்டிப் பாப்பான். இன்னிக்குத்தான் நீட்டலை." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இமாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் போதும். தெரிஞ்சுடுச்சு" என்றார்.

பெரியத்தா கட்டிலிலிருந்து பார்வையை எடுத்தார். தம்பியிடம், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "காரியம் முடிஞ்சதும் உங்கம்மாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்த வீட்டைப் பூட்டிடலாம். இனிமே எல்லாம் என் பொறுப்பு." பெயரை விட்டுக்கொடுத்தவர் மற்ற எதையும் விடப்போவதில்லை என்று அவளுக்கு விளங்கியது.

அடக்கம் செய்கிற மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. ஆனால் அந்தக் கிழவர்களைக் கொண்டுபோய் விட ஆள் வேண்டுமே. வேனை நேராக இரும்புக் கேட்டுக்கு எதிரில் நிறுத்தினாள். யாரோ முறைத்தார். "டிரைவர்" என்றாள் தன்னைக் காட்டி. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கேட்டின் கம்பிகளுக்கிடையில் முதுகுகள் தெரிந்தன. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. இமாமின் குரலில் அந்தப் பெயர் ஒருமுறை தெளிவாக வந்தது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியைத் தளர்த்தினாள். அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போகட்டும்.

எல்லாம் முடிந்து தம்பி தனியாக வேன் பக்கம் வந்தான். ஆபீஸ் பேன்ட்டின் முழங்கால்வரை செம்மண். நகக்கண்ணெல்லாம் மண். சன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"பெரியத்தா மண்ணு போடறப்ப..." அவன் தன் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தான். "குனிஞ்சாரு. யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சிருப்பாரு. 'ஆஸி, போயிட்டியாடா ஆஸி'ன்னாரு. எழுந்திருக்கவே முடியலை. நான்தான் கைத்தாங்கலாத் தூக்கினேன்."

அவள் இரும்புக் கேட்டின் பக்கம் பார்த்தாள்.

"அங்க என் மாமனாரு கேட்டாரு, இமாம் பேரைத் தப்பாச் சொல்றாரான்னு." அவன் பாட்டில் மூடியைத் திருகினான், மறுபடி மூடினான். "இல்ல, சரியாத்தான் சொல்றாருன்னேன்."

"ஏறு. வெயில்ல நிக்காதே" என்றாள் அவள்.

அவன் பின்பக்கம் போய்க் கொக்கி மாமாவுக்குப் பக்கத்தில் குறுகி உட்கார்ந்தான்.

சாயங்காலம் கூட்டம் கரைந்தது. நாற்காலிக்காரன் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஏற்றிக்கொண்டிருந்தான். தம்பி பெண்டாட்டி அம்மாவின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்து, அதைப் பெரியத்தாவின் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தாள். யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

பெரியத்தா வாசலில் நின்றார். ஒரே பகலில் பத்து வயது கூடினாற்போல இருந்தார். ஆனாலும் குரல் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது. "இருட்டுறதுக்கு முன்னால கிளம்பணும். வரச் சொல்லு."

வேன்காரி எழுந்தாள். காலையிலிருந்து போட்ட சண்டையில் உடம்பில் ஒரு துளி தெம்பு மிச்சமில்லை. இருந்தாலும் இதற்கும் ஒரு மாட்டேன் தேவைப்பட்டால் சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் அம்மா உள்ளறையிலிருந்து வந்துவிட்டாள். நேராகக் கூடத்துக்கு வந்து, காலியாகக் கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வரலை மச்சான்."

பெரியத்தாவுக்குக் காதில் விழவில்லையோ என்னவோ. "என்ன?"

"வரலைங்க. இங்கயே இருக்கேன்." அம்மாவின் குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. "இவளுக்குக் காலைல வண்டி எடுக்கணும். விடியறதுக்குள்ள சாப்பாடு கட்டித் தரணும். நான் அங்க வந்து உக்காந்துட்டா யாரு செய்வா?"

"ரெண்டு பொம்பளைங்க தனியா எப்படி..."

"இருப்போம் மச்சான்."

பெரியத்தா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, அம்மாவைப் பார்த்தான். மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தமும், பாத்திரம் ஒன்றை எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டன.

பெரியத்தா இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கி, காரின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் பையை எடுத்து வந்து படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். பின்கதவு அம்மாவுக்காக அகலத் திறந்தே கிடந்தது. உள்ளே சின்ன விளக்கு, யாருமில்லாத இருக்கையின்மேல் எரிந்துகொண்டிருந்தது.